என் வீட்டுக்காரர் அப்பாவைச் சாகடித்த கதை

என் வீட்டுக்காரர் யூடியூபில் சேனல் நடத்துகிறார். சோற்றுக்கு வேறு வேலை இருக்கிறது. இது என் பொறுமையைச் சோதிப்பதற்கு. கீரமங்கலத்தில் எங்கள் கொல்லையில் அப்பா பலாப்பழம் வெட்டுவதை ஒருநாள் படம் பிடித்தார். பாதி வெட்டும்போது த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிட்டது. மோட்டாருக்குக் கரண்ட் வந்தால் எங்கள் பக்கத்து விவசாயி கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார். அப்பாவும் ஓடினார். அவ்வளவுதான் வீடியோ.

அதற்கு அவர் வைத்த தலைப்பு: "எங்களை விட்டுப் போய்விட்டார் மாமா. கதறும் குடும்பம்." முகப்பில், கோயில் விழாவில் அப்பாவுக்கு மாலை போட்ட படம், கறுப்பு வெள்ளையில். பக்கத்தில் என் அழுத முகம். அது வெங்காயம் உரித்தபோது எடுத்தது.

"இது அடுக்குமா?" என்று கேட்டேன்.

"மாமா விட்டுட்டுத்தானே போனாரு? உள்ள போய்ப் பாத்தா தெரிஞ்சிரும்ல" என்றார்.

உள்ளே போய்ப் பார்ப்பவர் யார்? சொந்தக்காரர்கள் படத்தைப் பார்த்ததுமே போன் போட்டார்கள். அப்பாவே எடுத்து, "இருக்கேன்ப்பா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். அதோடு முடிந்தது என்று நினைத்தோம். கீரனூரில் இருக்கும் பெரியப்பாவை மறந்துவிட்டோம். அந்தப் பழம் காய்த்த, வரப்பில் நிற்கும் பலா மரம் யாருக்கு என்ற சண்டையில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று பல வருடம் ஆகிறது. பேச்சில்லாதவர் யாருக்குப் போன் போட்டு விசாரிப்பார்? வேன் பிடித்துவிட்டார்.

மறுநாள் தெருமுனையிலேயே பெண்கள் இறங்கி, வழக்கப்படி ஒப்பாரியோடு நடந்து வந்தார்கள். சத்தம் கேட்டு அப்பா ஈரக் காலோடு வாசலுக்கு வந்தார். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "யாரு வீட்டுலம்மா கேதம்?" என்று கேட்டார்.

முன்னால் வந்த பெரியம்மா வாயை மூட மறந்து நின்றார். பெரியப்பா கையில் ரோஜா மாலை. உயிரோடு இருப்பவர் கழுத்தில் அதைப் போட முடியாது. சாவுக்கு வாங்கிய மாலையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. கடைசியில் பெரியம்மா அதை வாங்கிக்கொண்டுபோய் அந்தப் பலா மரத்திலேயே மாட்டினார். மரம் கல்யாண மாப்பிள்ளைபோல் நின்றது. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் செய்த ஒரே நல்ல காரியம், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அங்கிருந்தும் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

அம்மா எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். பெரியப்பா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இன்றைக்கும் பேசாவிட்டால், அடுத்த முறை நிஜச் சாவுக்குத்தான் வருவார். காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தவர், ஒன்றும் சொல்லாமல் வேனை நோக்கி நடந்தார். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அந்தப் பழக்கமோ, பழைய கோபமோ, தெரியவில்லை.

அப்பா பின்னாலேயே போய் வேன் கதவைப் பிடித்துக்கொண்டார். "எழவு வீட்டுக்கா வந்த? சொல்லிட்டுப் போண்ணே."

பெரியப்பா முன் சீட்டைப் பார்த்தபடி, "வாரேன்டா" என்றார். அப்பா கதவை விடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வீட்டுக்காரர் அதையும் வீடியோவாகப் போட்டார். இந்த முறை தலைப்பு நான் வைத்தேன்: "பெரியப்பா வந்துவிட்டுப் போனார்." ஒருவரும் பார்க்கவில்லை. அப்பா மட்டும் "வாரேன்டா" வரும் இடத்துக்கு விரலால் தள்ளிக்கொண்டுபோய், திரும்பத் திரும்பப் பார்க்கிறார்.