எடைக்கு எடை வெல்லம்

மஞ்சள் காமாலையில் நான் பாயோடு பாயாகக் கிடந்தபோது, என் மாமியார் கோமதி அம்மன் சந்நிதியில் ஒன்று நேர்ந்துகொண்டார். மாப்பிள்ளை பிழைத்து எழுந்தால் அவர் எடைக்கு எடை வெல்லம். அன்றைக்கே என்னைத் தராசில் தூக்கி வைத்திருந்தால் சொற்ப வெல்லத்தோடு காரியம் முடிந்திருக்கும். செய்யவில்லை. அடுத்த ஆடி, அதற்கடுத்த ஆடி என்று தள்ளிப்போயிற்று. அரசாங்கத்தில் இதற்குப் பரிசீலனையில் உள்ளது என்று பெயர்.

பிழைத்தவன் சும்மா இருக்கவில்லை. தாலுகா ஆபீசில் உட்கார்ந்த வேலை. சாயங்காலம் ஆபீஸ் வாசல் கடையில் பஜ்ஜி. ராத்திரி மனைவி கையால் தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு. கால்சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக ராஜினாமா செய்தன.

ஒருநாள் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஏங்க, இப்பிடியே போனா எங்கம்மா கிடாயை வித்துத்தான் வெல்லம் வாங்கணும்."

பனவடலிசத்திரம் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்த என் மாமியாருக்குக் கொஞ்சம் கரிசல் நிலமும், ஒரு வெள்ளாட்டுக் கிடாயும் இருந்தன. அந்தக் கிடாயை விற்றுத்தான் மழைக்கு முன்னால் அடுப்படிக் கூரையின் பழைய ஓடுகளை மாற்றுவதாக இருந்தார்.

"நான் வாங்கித் தாரேன்" என்றேன்.

"மாப்பிள்ளை காசுல நேர்த்திக்கடனா? எங்கம்மா உங்களையும் என்னையும் வாசப்படி ஏற விடமாட்டா."

ஆபீசில் எனக்கு ஒரு பெயர் உண்டு. எதற்கும் விதி சொல்வேன். விதி இல்லாவிட்டால் முன்னுதாரணம் சொல்வேன். கோயிலில் துலாபாரத் தராசைக் கவனித்துக்கொண்ட மனிதரிடம் போய் என் வாதத்தை வைத்தேன். நேர்ந்துகொண்ட தேதியில் என்ன எடையோ அதுதான் செல்லும். பிற்பாடு ஏறியது பஞ்சப்படி மாதிரி, அடிப்படைச் சம்பளத்தில் சேராது.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அண்ணாச்சி, தட்டுல யாரு உக்காருதாகளோ அவுக எடைதான். காமாலையில கெடந்த ஆளுதான் வேணும்னா, அவரைக் கூட்டிட்டு வாங்க. நிறுத்துருவோம்."

மேல்முறையீடு என்றால் அம்மனிடம்தான் போக வேண்டும். ஆக, இளைப்பது ஒன்றே வழி. ஆடிக்குச் சில மாதங்கள் இருந்தன.

சைக்கிளைத் திண்ணைத் தூணில் கட்டிப்போட்டுவிட்டு ஆபீசுக்கு நடந்தேன். விடிகாலையில் ரதவீதிகளைச் சுற்றினேன். பஜ்ஜிக் கடையைக் கடக்கும்போது எதிர்ப்பக்கத்துச் சுவரைப் படித்துக்கொண்டே போனேன். காப்பியில் சீனி இல்லை. ராத்திரிச் சோற்றுக்குப் பதில் கம்பங்கூழும் மோரும். கொள்ளு ரசத்தை மனைவி குதிரைக்கு வைப்பது போல நிறைய வைத்தாள். எடை பார்க்க மிளகாய் வற்றல் மண்டித் தராசுதான் கிடைத்தது. ஏறி நின்றதும் தும்மல் வந்துவிடும். "தும்மாதீங்க அண்ணாச்சி, முள்ளு ஆடுது" என்று மண்டி ஆள் கத்துவார். என் சரியான எடை எனக்கே குத்துமதிப்பாகத்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் மனிதன் வேண்டுமென்றே இளைப்பான் என்பதை ஊரில் யாரும் நம்பவில்லை. ஆபீசில் என் எதிர் மேஜைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "என்ன வே, வட்டிக்கு வாங்கிட்டீரா?"

"இல்லவே."

"அப்ப சர்க்கரையா?"

"ஒண்ணுமில்ல. உடம்பைக் குறைக்கேன்."

"உடம்பைக் குறைக்கீரா! சம்பாதிக்கிறது எதுக்குவே?" என்று, தன் மதியச் சோற்றில் பாதியை என் தட்டில் தள்ளினார்.

இவரைச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ஞாயிற்றுக்கிழமை. அன்று மனைவி, குழந்தையோடு மாமியார் வீட்டுக்குப் போவோம். எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசமாட்டார். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் பேசுவார். அது எனக்குக் கேட்க வேண்டும்.

"ஏட்டி, மாப்பிள்ளை இலை வெறிச்சோடிக் கெடக்கு. என்னத்தைட்டி பாத்துக்கிட்டு நிக்கே?"

சோறு விழும். ஒருமுறை துணிந்து, இரண்டாவது சோற்றுக்கு முன்பே இலையை மடித்துவிட்டேன். கதவுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"மாப்பிள்ளைக்கு நம்ம மேல என்ன கோவம்னு கேளுட்டி."

கோபம் இல்லை என்பதை நிரூபிக்க ஒரே முறைதான் வழக்கத்தில் இருந்தது. இலையைத் திரும்ப விரித்தேன். ஆறு நாள் நடந்து கரைத்ததை ஏழாம் நாள் மாமியார் திருப்பி ஊட்டினார். தன் கிடாயைத் தானே கரண்டி கரண்டியாக விற்றுக்கொண்டிருந்தார். அதை அவரிடம் சொல்லவும் வழியில்லை. உங்கள் வெல்லத்தை மிச்சப்படுத்தத்தான் பட்டினி கிடக்கிறேன் என்று எந்த மருமகன் கதவைப் பார்த்துச் சொல்வான்?

கடைசியில் ஆபீசில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்று ஒரு பொய்யை முறைப்படி உருவாக்கினேன். ஆடி வரை மனைவியும் குழந்தையும் மட்டும் போய்வந்தார்கள்.

ஆடியில் தராசுத் தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். எதிர்த்தட்டில் மாமியார் உருண்டை உருண்டையாக வெல்லத்தை வைத்தார். அவர் கடையில் கடன் சொல்லிக் கொண்டுவந்ததில் ஒரு கூடை தொடாமல் இருக்கும்போதே என் தட்டு மேலே எழும்பிவிட்டது. அந்தக் கூடையைத் திருப்பிக் கொடுத்தால் கடனுக்காகக் கிடாயை விற்க வேண்டியதில்லை. கிடா தப்பித்தது. நான் மனைவியைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் மிச்சக் கூடையைப் பார்த்தார், பிறகு அந்தரத்தில் ஆடிய என்னைப் பார்த்தார். சந்நிதியே திரும்பிப் பார்க்கிற மாதிரி குரல் வந்தது. "ஏட்டி பாவி! மாப்பிள்ளைக்கு என்னத்தைட்டி பொங்கிப் போட்டே? பாதி ஆளைக் காணலையே!"

மறுநாளே ஆள் அனுப்பி எங்களைக் கூப்பிட்டார். கிராமத்துக்குள் நுழையும்போதே மசாலா வாசம் வந்தது. கிடா கட்டியிருந்த முளையில் கயிறு மட்டும் கிடந்தது.

"ஏட்டி, நெஞ்செலும்பா பாத்து வை. ஈரலையும் வை. ஒடம்பு தேறட்டும்" என்றது கதவு.

நான் மறுபேச்சுப் பேசாமல் சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால், மிகவும் நன்றாக இருந்தது.

ஐப்பசி மழையில் மறுபடி போனோம். பழைய ஓட்டில் கண்ட இடத்திலெல்லாம் ஒழுகியது. அண்டா, குண்டான், செம்பு எல்லாம் தரையில் நின்று சொட்டு வாங்கிக்கொண்டிருந்தன. மாமியார் நனைந்துகொண்டே அடுப்படி முழுக்க நடந்து, ஒழுகாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே எனக்கு இலை போட்டார்.