வேப்பமரத்தடியில் நான் நட்ட கொடி

எங்கள் பேரூராட்சியில் நான் ஒரு வார்டு உறுப்பினர். குழாய், சாக்கடை, தெருவிளக்கு என்று மூன்று வருஷம் கத்திவிட்டு, ஒரு நாள் பேரூராட்சியே துப்பாக்கி சுடும் மைதானம் நடத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரமாயிற்று.

"இன்னாம்மா, லைட்டே எரியல. துப்பாக்கி கேக்குதா நமக்கு?" என்றார் தலைவர்.

எனக்குச் சுருக்கென்றது. "சந்தை நடத்துறோம், சுடுகாடு நடத்துறோம். இதையும் நடத்துனா இன்னா கொறஞ்சிடும்? பணக்காரன் கிளப்புல சேந்தாதான் சுடணுமா? மலையில லைசென்ஸ் வச்சிருக்கிறவன் எங்க போய்ப் பழகுவான்?"

ஊருக்காகப் பேசுவதுபோல்தான் பேசினேன். பேசியது என் மகளுக்காக. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தவள், குறி பார்ப்பதில் கெட்டிக்காரி. மாநில அணித் தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பி, உளுந்தூர்பேட்டையில் திருச்சி பஸ் பிடித்துப் போய், ஒரு மணி நேரம் சுட்டுவிட்டுத் திரும்புவாள். இங்கேயே இருந்தால் தினமும் சுடலாம். அந்த ஆசை என் கண்ணை மறைத்தது.

தலைவர் இறங்கிவந்தார். ஒரு நாள் சுட்டுக் காட்டுங்கள், பிறகு முடிவு செய்வோம் என்றார். கல்வராயன் மலையடிவாரத்தில், ஏரி தூர்வாரிய மண்ணைக் கொட்டிவைத்த மேடு ஒன்று இருந்தது. குண்டு அதில் புதைந்துவிடும். மேட்டுக்குப் பின்னால் ஆடு மாடு மலைக்கு ஏறும் தடம். போலீஸ் அனுமதியும் கிடைத்தது. திருச்சியிலிருந்து பயிற்சியாளரே துப்பாக்கியோடு வருவதாக ஒப்புக்கொண்டார்.

அவர் போனில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். தடத்தில் சிவப்புக் கொடி வேண்டும். சுடும் நேரத்தில் மட்டும் ஏற்ற வேண்டும், முடிந்ததும் இறக்கிவிட வேண்டும். நான் கேட்டேனா? ஜனங்களுக்குப் பழகட்டும் என்று பத்து நாள் முன்பே போய், தடத்தோரத்து வேப்பமரத்தடியில் கம்பை நட்டுச் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வந்தேன். சிவப்பைப் பார்த்தால் யாருக்கும் புரியும், வாய்விட்டு வேறு சொல்ல வேண்டுமா என்று நினைப்பு.

அன்று காலை ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மகள் தார்ப்பாயில் குப்புறப் படுத்தாள். பயிற்சியாளர் ஐந்து குண்டு கொடுத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றார். முதல் குண்டு, மேட்டில் நிறுத்திய குறி அட்டையின் நடு வட்டத்துக்கு ஒரு விரல் தள்ளி விழுந்தது. கை தட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. அடுத்தடுத்த குண்டுகளும் வெடித்துக்கொண்டிருக்க, போனில் படம் பிடிக்க இடது ஓரமாக நடந்தேன். அங்கிருந்துதான் வேப்பமரம் தெரிந்தது.

கம்பில் என் துணி ஒன்றுதான் இருக்க வேண்டும். ஏழெட்டுச் சிவப்புத் துணிகள் தொங்கின. அடியில் மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம். நான் நட்ட கொடியை அம்மனாக்கியிருந்தார்கள். கம்புக்கு முன்னால் ஒரு அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எரிகிறதென்றால் ஏற்றியவள் இப்போது எங்கே?

மேட்டின் உச்சியில் ஆட்டுக் கொம்பு தெரிந்தது. அதன் பின்னால் ஒரு முந்தானை. இன்னொரு குண்டு வெடித்தது. "நிறுத்துடி" என்று கத்திக்கொண்டே ஓடினேன். மகள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

மேட்டின் மேல் ஆட்டைப் பிடித்தபடி நின்றது என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை.

"பட்டாசுச் சத்தம்னு நெனச்சேன் அண்ணி. ஊரே துணி கட்டுதேன்னு, புள்ள ஜெயிக்கணும்னு வேண்டிக்கினு நானும் வந்து கட்டுனேன். இந்த ஆடு மேல ஏறிடுச்சி," என்றாள். அவளை அடிப்பதா, காலில் விழுவதா என்று தெரியாமல் நின்றேன்.

இரண்டு நாள் கழித்துத் தலைவர் போன் செய்தார். "ஒண்ணும் ஆவலையேம்மா. நீங்க ஒரு சத்தம் போட்டீங்க, நின்னுடுச்சி. காவலுக்கு ஆள் போட முடியாது. நீங்களே பாத்துக்கறதுன்னா பாஸ் பண்ணிடலாம்."

வெட்கமாக இருக்கிறது, ஆனால் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. என் குரலில்தானே நின்றது? தினமும் போய் நின்றுகொண்டால் ஆயிற்று. மகளின் தேர்வுதான் கண் முன்னால் நின்றது.

கூட்டத்தன்று காலை, தலைவாரிக்கொண்டே தலைவர் சொன்னதை மகளிடம் சொன்னேன். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நீ கத்துனது எனக்குக் கேக்கவே இல்லம்மா. காதுல பஞ்சு வச்சிருந்தேன். அஞ்சு குண்டும் தீந்துபோச்சி, அதான் எந்திரிச்சேன்."

சீப்பு கையிலேயே இருந்தது. ஆறாவது குண்டு இருந்திருந்தால் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கூட்டத்தில் எழுந்து தீர்மானத்தை வாபஸ் வாங்கினேன். இந்த முறையும் சிரித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மகளோடு திருச்சி பஸ்ஸில் போனேன். என் நாத்தனார் கட்டிய துணியை அவிழ்த்துப் பையில் வைத்திருந்தேன்.