அறுபத்து மூன்றாவது படி

பேய், ஆவி, குறி சொல்வது, இதெல்லாம் எனக்கு ஆகாது. சுடுகாட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் வளர்ந்தேன். ஒன்றையும் பார்த்ததில்லை. எட்டாவது வரைக்கும்தான் படிப்பு, அதனால் இவன் எதையும் நம்புவான் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பது வருஷமாகச் சமையல் வேலை. அடுப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஆள் நான். நடந்ததைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

டெக்சாசில் ஃபிரிஸ்கோவில் ஒரு ஓட்டலில் இட்லி, தோசை, சாம்பார் என் பொறுப்பு. வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மகள் வனிதா பிறகு படிக்க வந்தாள், இப்போது பக்கத்து ஊர் காப்பெல்லில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் வேலை. என் வீட்டுக்காரி மங்கை மட்டும் மன்னார்குடியில் இருந்தாள். வாரச் சந்தையில் உளுந்து, பயறு அளந்து விற்பாள். நான் பணம் அனுப்பினாலும் அந்த வேலையை விடவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும் என்பாள்.

அவளுக்குக் கிட்னி கெட்டுவிட்டது. எனக்கு அப்போது கிரீன் கார்டுக்குப் போட்டிருந்த நேரம். இப்போது நாட்டை விட்டுப் போனால் திரும்பி வரவிட மாட்டார்கள், போட்டதெல்லாம் வீண் என்று வக்கீல் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து மங்கை போனில் கேட்டாள்.

"வருவீங்களா?"

"வரேன்."

"நெசமா?"

"வரேன்னு சொல்றேன்ல."

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. நான் போகவில்லை. வனிதா கிளம்பிப் போனாள், அவள் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. சுடுகாட்டுக்கு அவளை எடுத்ததை போனில் பார்த்தேன். இங்கே அப்போது காலை நேரம், சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. பார்த்து முடித்துவிட்டு உப்பு போட்டேன்.

அது நடந்து ஏழெட்டு மாதத்தில் கிரீன் கார்டு வந்தது. வந்தும் ஒரு வருஷம் நான் ஊருக்குப் போகவில்லை. வனிதா டிக்கெட் போடட்டுமா, போடட்டுமா என்பாள். பார்க்கலாம் என்பேன். வரேன் என்று சொல்லிவிட்டு வராத ஆள், எந்த முகத்தோடு அந்த வாசலில் போய் நிற்பது.

அவள்தான் ஒரு நீண்ட விடுமுறைக்கு மெக்சிகோ போகலாம் என்றாள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பிரமிடுகள் இருக்கின்றன, விடிவதற்கு முன்னால் கூட்டிப்போய்க் காட்டுவார்கள், மேலே ஏறி நின்று சூரியன் வருவதைப் பார்க்கலாம் என்றாள். எனக்கு எதுக்கும்மா என்றேன்.

"நாலு செவுத்துக்குள்ள உக்காந்து உக்காந்து நீங்களே ஒரு பிரமிடு ஆயிட்டீங்கப்பா. வாங்க, ஜாக்கெட் மட்டும் எடுத்து வைங்க."

போனோம். அவளும் நானும் மட்டும்தான்.

வேனில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், எல்லோரும் வெள்ளைக்காரர்கள். போய் இறங்கியபோது கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. நல்ல குளிர். புல்லில் நடந்து நடந்து செருப்பு நனைந்துவிட்டது. பெரிய பிரமிடு எதிரே கறுப்பாக நின்றது, மலை என்றுதான் நினைத்தேன். அதில் ஏற விடுவதில்லையாம். பக்கத்தில் சின்னது ஒன்று, அதில் ஏறலாம். சின்னது என்று சொன்னார்களே தவிர நம் ஊர்க் கோபுரம் அளவுக்கு இருந்தது.

கைடு என் வயசு ஆள், மீசை வைத்திருந்தார். பையைத் திறந்து ஆளுக்கு ஒரு சின்ன மெஷின் கொடுத்தார். கழுத்தில் மாட்டிக்கொண்டு காதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் தூரத்தில் நின்று பேசினாலும் காதில் கேட்குமாம். வனிதா முன்னால் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொடுக்கும்போது பையில் எதுவும் இல்லை, அடியில் துழாவி ஒன்றை எடுத்தார்.

நான் "தமிழ்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். பிரஷருக்குப் பார்க்க இங்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன பாஷை என்று கேட்பார்கள். தமிழ் என்றால் போதும், போனில் ஒரு அம்மா வந்து டாக்டர் சொல்வதை எல்லாம் தமிழில் சொல்லும். அதே மாதிரி இதிலும் இருக்கும் என்று நினைத்தேன். அந்த ஆளும் "ஓகே, ஓகே" என்று சிரித்தார், ஒரு பொத்தானை அமுக்கினார், என் கழுத்தில் மாட்டிவிட்டார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் ஏற ஆரம்பித்தார்கள். வனிதா மேலே போய்விட்டாள். நான்தான் கடைசி. படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், அகலமோ பாதி பாதம்கூட வைக்க முடியாது. எப்படி ஏறுவது என்று நின்றேன். அப்போதுதான் காதில் கேட்டது.

"நேரா ஏறாதீங்க. பக்கவாட்டுல காலை வைங்க."

பெண் குரல். தெளிவாக இல்லை, தூரத்திலிருந்து போன் பேசுகிற மாதிரி இருந்தது. பரவாயில்லையே, இவ்வளவு தூரத்தில் தமிழ் வைத்திருக்கிறானே என்று சந்தோஷப்பட்டேன். சொன்ன மாதிரி பக்கவாட்டில் காலை வைத்தேன்.

"லாபம்" என்றது.

அடுத்த படியில் வைத்தேன். "ரெண்டு." அடுத்தது. "மூணு."

எங்கள் பக்கம் நெல்லோ பயறோ அளக்கிறவர்கள் ஒன்று என்று தொடங்க மாட்டார்கள். லாபம் என்றுதான் முதல் படியைப் போடுவார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படி ஏறச் சொன்னால் இந்தம்மா உளுந்து அளக்கிறதே, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளைப் பிடித்துப் பேச வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். மங்கை நினைப்பு வந்தது. வராமல் இருக்குமா. ஆனால் அது வேறு, இது வேறு என்றுதான் இருந்தேன். அது அவள் குரல்தானா என்று கேட்டால் இன்றைக்கும் அடித்துச் சொல்ல மாட்டேன். மெஷினில் வருகிற குரல்தானே என்று கவனித்துக் கேட்கவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

இருபத்தேழு என்று சொன்னபோது எனக்கு மூச்சு இரைத்தது.

"நில்லுங்க. மூச்சு வாங்கட்டும். யாரும் வெரட்டல."

நின்றேன். அதுவும் பேசாமல் இருந்தது. கல்லைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. காலை எடுத்து வைத்ததும் "இருவத்தெட்டு" என்றது. காரில் வழி சொல்கிற குரல் நாம் தப்பாகத் திரும்பினால் கண்டுபிடித்துவிடுகிறது, அது மாதிரி இதுவும் கண்டுபிடிக்கிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு படிக்கும் ஒரு எண். முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.

"அறுவத்திரண்டு."

இன்னும் ஒரே ஒரு படி. அதில் ஏறினால் உச்சி. காலைத் தூக்கி வைத்தேன். சத்தம் இல்லை. சொல்லட்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன், சொல்லவில்லை. மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். யாரோ மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம், காற்றாகவும் இருக்கலாம். வனிதா கையை நீட்டித் தூக்கிவிட்டாள்.

சூரியன் வந்தது. எல்லோரும் படம் எடுத்தார்கள். பனி வயலுக்கு மேலே பால் மாதிரி கிடந்தது. கைடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், உதடு அசைவது தெரிந்தது. என் காதில் எதுவும் வரவில்லை. இறங்கும்போதும் வரவில்லை. ஒவ்வொரு படியிலும் எதிர்பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

கீழே வேன் பக்கத்தில் மெஷினைத் திரும்ப வாங்கினார்கள். நான் வனிதாவிடம் சொன்னேன்.

"தமிழ் நல்லா இருந்துச்சும்மா. நம்ம ஊர்ப் பக்கத்துப் பொம்பளை போல."

"எந்தத் தமிழு?"

"இதுலதான். படி எண்ணிச்சே."

அவள் சிரித்தாள். "அப்பா, இதுல ரெக்கார்டிங்கே கிடையாது. கைடு மைக்ல பேசுறது மட்டும்தான் கேக்கும். மெக்சிகோக்காரன் உங்களுக்காக மன்னார்குடித் தமிழ் பேச ஆள் வச்சிருக்கானா?"

நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவளும் நிறுத்திவிட்டாள். "பிரஷர் மாத்திரை போட்டீங்களாப்பா?"

"போட்டேன்."

கைடு என் மெஷினை வாங்கிப் புரட்டினார். பின்பக்க மூடியைத் திறந்தார். உள்ளே பேட்டரி வைக்கிற இடம் காலியாக இருந்தது. துரு ஏறியிருந்தது. அவர் வனிதாவிடம் ரொம்ப நேரம் பேசினார்.

"பழைய செட்டாம்ப்பா. கெட்டுப்போனது பையிலயே கெடந்திருக்கு, தெரியாம உங்களுக்குக் குடுத்துட்டாராம். நீங்க ஒண்ணுமே கேக்காம ஏறியிருப்பீங்களேன்னு சாரி சொல்றார்."

அந்த ஆள் என் முகத்தையே பார்த்தார். என்ன நினைத்தாரோ தெரியாது, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வேன் கிளம்பும் வரைக்கும் போடவில்லை.

வழியெல்லாம் வனிதா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உயரமான இடம், காற்று கம்மி, மூளை அப்படி ஏதாவது பண்ணும் என்றாள். இருக்கும் என்றேன். அவளுக்கு அம்மா பேச்சை எடுக்கப் பயம். எனக்கும்தான்.

ஃபிரிஸ்கோ வந்து வேலையில் சேர்ந்தேன். ஒரு வாரம் போனது. அரிசி ஊறப்போட அளக்கும்போது லாபம் என்று வாய் வரைக்கும் வரும், சொல்ல மாட்டேன். கடைசியில் மங்கையின் தங்கை கமலாவுக்கு போன் போட்டேன். அவள்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள். இந்த இரண்டு வருஷத்தில் அவளிடம் நான் அதைக் கேட்டதே இல்லை. கேட்கத் தைரியம் இல்லை. பிரமிடைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம்பினாலும் நம்பாவிட்டாலும் இது சத்தியம், நான் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"கமலா, அக்கா கடைசியா என்ன பேசுனா?"

"என்ன மாமா, இத்தனை நாள் கழிச்சு?"

"சும்மாதான். சொல்லு."

அவள் வாசலுக்கு வந்தாள் போல, கதவுச் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்.

"கடைசி ரெண்டு நாளு பேச்சே இல்ல மாமா. படி எண்ணிக்கிட்டே கெடந்துச்சு. லாபம், ரெண்டு, மூணுன்னு. சந்தையில உளுந்து அளக்குற நெனப்பு போலன்னு நர்சம்மாகிட்ட சொன்னேன். நடுவுல நிறுத்தும். நில்லுங்க, மூச்சு வாங்கட்டும்னு சொல்லும். யாருகிட்ட சொல்லுதுன்னு எங்களுக்குப் புரியல. தானே மூச்சு வாங்க முடியாம கெடக்கு, யாரை நிக்கச் சொல்லுதுன்னு பாத்தோம்."

"எது வரைக்கும் எண்ணும்?"

"அது ஒரு கூத்து மாமா. அறுவத்திரண்டு வரைக்கும் வரும், நிறுத்திரும். மறுபடி லாபத்துலேர்ந்து ஆரம்பிக்கும். ரெண்டு நாளும் அப்பிடித்தான். பாக்கச் சகிக்காம நான்தான் ஒருதடவை அறுவத்தி மூணுன்னு எடுத்துக் குடுத்தேன். அந்த நெலமையிலயும் கோவம் வந்துருச்சு அதுக்கு."

"என்ன சொன்னா?"

"நீ எண்ணாதடீ, அது அவரு எண்ண வேண்டியது, வரேன்னு சொல்லிருக்காருன்னுச்சு."

போனை வைத்துவிட்டேன். மாவு அரைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன்.

ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். வனிதா ஏன் என்று கேட்கவில்லை. போய் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கும் தெரியாது. அவள் படத்துக்கு முன்னால் நிற்பேன், அவ்வளவுதான்.

அவள் கட்டிலில் கிடந்து எண்ணியபோது எனக்கு மெக்சிகோ என்று ஒரு ஊர் இருப்பது தெரியுமே தவிர, அங்கே போவேன் என்று கனவில்கூட நினைத்ததில்லை. அந்தப் பிரமிடுக்கு எத்தனை படி என்று மன்னார்குடியில் யாருக்குத் தெரியும். இதற்கு உங்களிடம் பதில் இருந்தாலும் சொல்ல வேண்டாம்.

என்னைத் தூங்கவிடாமல் செய்வது அது இல்லை. அந்த அறுபத்து மூன்றாவது படி. அவள் எனக்கென்று விட்டுவைத்தது. அதில் நான் காலை வைத்தேன், ஒற்றைக் காலில் நின்றேன், அவளும் நின்றிருப்பாள். நான் எண்ணியிருக்கலாம். ஒரு வார்த்தைதான்.

மெஷின் கெட்டுவிட்டது என்று தட்டிக்கொண்டிருந்தேன்.