பிளேக் டாக்டரின் கையில் விளக்கெண்ணெய்

மைசூர்ச் சீமையிலிருந்து ரயிலில் நம் பக்கம் வருகிறவனை, அக்குளையும் தொடை இடுக்கையும் தடவிப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவது என்று சர்க்கார் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. பிளேக் காலம். நோய் கண்டவனுக்குக் காய்ச்சல் அடிக்கும்; அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டும். ஆகவே எல்லை தாண்டியதும் வருகிற பெரிய ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, ஒரு டாக்டர் சோதனை போடுவார். தேறினவனுக்கு பிளேக் பாஸ்போர்ட்டு என்று ஒரு காகிதம். தேறாதவனுக்கு ஸ்டேஷனுக்கு அப்பால் கீற்றுக் கொட்டகைகள் காத்திருந்தன. அங்கே பத்து நாள். கூட வந்த பாவத்துக்கு மற்றவர்களுக்கும் பத்து நாள்.

இவ்வளவும் எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு ஏழு வயது. உலகத்தில் எனக்கு விவரமாகத் தெரிந்திருந்தது ஒரே ஒரு பொருள்தான்: தோல்.

என் அப்பா ஆம்பூரில் ஒரு சாயபுவின் டேனரியில் தோல் தரம் பிரிக்கிறவர். பதனிட்டுக் காய்ந்து வந்த ஆட்டுத்தோலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். பிறகு கட்டைவிரலால் அக்குள் பக்கம் அழுத்துவார், தொடைப் பக்கம் அழுத்துவார். அம்மைத் தழும்பு, முள் கிழித்த கோடு, கத்தி பட்ட ஓட்டை எதுவும் அவரிடமிருந்து தப்பாது. "ஒண்ணு" என்பார், "ரெண்டு" என்பார். வாயைக் கோணிக்கொண்டு "ரிஜெட்டு" என்றால் அந்தத் தோல் மூலைக்குப் பறக்கும். மூலையில் கிடக்கிற கழிசலை வாரத்துக்கு ஒருமுறை பசை காய்ச்சுகிறவன் வண்டியில் அள்ளிக்கொண்டு போவான். பெரிய கொப்பரையில் போட்டு, கரைந்து கூழாகிறவரை கொதிக்க வைப்பான். நானே எட்டிப் பார்த்திருக்கிறேன். அன்று இரவு சோறு இறங்கவில்லை.

இன்னொன்றும் பார்த்திருந்தேன். பட்டணத்திலிருந்து ஏஜண்டு வருகிற நாளில், சுமாரான தோல்களுக்கு ஒரு கை எண்ணெய் கூடுதலாகப் போட்டுத் தேய்ப்பார்கள். மூன்றாம் நம்பர் தோல்கூட மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நிற்கும்.

இந்தக் கல்வியோடுதான் நான் அம்மாவுடன் மைசூர்ச் சீமையிலிருந்த தங்கவயலுக்குப் போனேன். அக்காவுக்கு வியாழக்கிழமை முகூர்த்தம். தாய்மாமன் வந்து மாலை போடாமல் எங்கள் பக்கம் தாலி ஏறாது. அம்மாவுக்கு இருந்தது ஒரே அண்ணன். அவர் தங்கச் சுரங்கத்தில் வேலையாக இருந்தார். கடிதம் போட்டால் வரமாட்டார், நேரில் போனால்தான் வருவார் என்று அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். மாப்பிள்ளை வீட்டார் பேரணாம்பட்டுக்காரர்கள், கறார் ஆசாமிகள். முகூர்த்தம் தவறினால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று பாக்கு மாற்றும்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

மாமா எப்போதும் வாயை மூடாதவர். இன்று நாலு பேர் என்னைக் கோமாளி என்கிறார்கள் என்றால் அந்தச் சொத்து அவர் வழியில் வந்ததுதான். ஆனால் திரும்பி வந்த அன்று வண்டியில் அவர் பேசவே இல்லை. தலையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு, ஜன்னல் காற்றில் முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பெரிய மனுஷன் பயணம் போவது இப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் என் துண்டை நனைத்துக்கொள்ளத் தண்ணீர் கேட்டேன். அம்மா கொடுக்கவில்லை. மாமாவுக்கும் எனக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு, மாமாவைத் தொந்தரவு பண்ணாதே என்றாள். அண்ணன் தங்கைக்குள் ஏதோ சண்டை என்று முடிவு கட்டினேன்.

ஸ்டேஷன் வந்தது. பெண்களைத் துணித் தடுப்புக்குப் பின்னால் நர்சம்மாவிடம் அனுப்பினார்கள். அம்மா மூட்டையை எங்களிடம் வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள். நானும் மாமாவும் ஆண்கள் வரிசையில் நின்றோம். முன்னால் ஒரு டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவனாகப் போய்ச் சட்டையைக் கழற்றிக் கையைத் தூக்கினான். டாக்டர் நெற்றியைத் தொட்டார், அக்குளில் கட்டைவிரலை அழுத்தினார், வேட்டியைத் தளர்த்தச் சொல்லித் தொடை இடுக்கில் அழுத்தினார். பக்கத்திலிருந்த குமாஸ்தா காகிதத்தில் முத்திரை குத்தினான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் எங்கேயோ பார்த்த வேலையாக இருந்தது. மாமாவின் வேட்டியை இழுத்துக் கேட்டேன்.

மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "உங்கப்பன் வேலதான்டா. தரம் பிரிக்கிறாங்க. பழுது இருந்தா ரிஜெட்டு."

அன்று பூராவும் அவர் அடித்த ஒரே ஜோக் அது. அதையும் என்மேல்தான் அடித்தார்.

நான் வலது தொடையைக் கையால் மறைத்துக்கொண்டேன். காரணம் உண்டு. நாலு நாளைக்கு முன் தங்கவயலில் என் குதிகாலில் முள் ஏறியிருந்தது. முள்ளை எடுத்த இடம் சீழ் பிடித்து, வலது தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. முள்ளும் கிழித்திருக்கிறது, வீக்கமும் இருக்கிறது. அப்பாவாக இருந்தால் இரண்டு முறை பார்க்கமாட்டார். அந்தச் சமயம் பார்த்து வரிசையில் ஓர் ஆளை டாக்டர் தனியே நிற்கச் சொன்னார். ஒரு சேவகன் அவனைத் தோளில் தள்ளிக்கொண்டு தண்டவாளத்துக்கு அப்பால் கூட்டிப் போனான். அங்கே கீற்றுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. அவர்கள் கஞ்சிதான் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எனக்கென்ன தெரியும்? நான் கொப்பரையைப் பார்த்தேன்.

ஓடலாம் என்று நினைத்தேன், குதிகால் புண்ணோடு எங்கே ஓடுவது? அழலாம் என்று நினைத்தேன், அழுதால் முதலில் என்னைத்தான் கவனிப்பார்கள். மிச்சமிருந்தது ஒரு யோசனை மட்டும்தான். மூட்டையில் அம்மா தலைக்குத் தடவிக்கொள்கிற விளக்கெண்ணெய்ப் புட்டி இருந்தது. மாமா கண்ணை மூடியபடி கம்பத்தில் சாய்ந்திருந்தார். நான் மூட்டைக்குப் பின்னால் குந்தி, புட்டியைத் திறந்து, தொடை இடுக்கு, அக்குள், மார்பு, குதிகால் எல்லாவற்றிலும் தாராளமாகத் தேய்த்தேன். மிச்சத்தை முகத்தில் தடவினேன். முதல் நம்பர் இல்லாவிட்டாலும் இரண்டாம் நம்பராவது தேறிவிடுவேன் என்று தோன்றியது.

என் முறை வந்தது. டாக்டர் என் நெற்றியில் கை வைத்தார், கை வழுக்கிக் காதுக்குப் போனது. அக்குளைப் பிடித்தார், அங்கேயும் நிற்கவில்லை. முகம் சுளித்தபடி தொடை இடுக்குக்கு வந்தார். நெல்லிக்காய் அகப்பட்டது. நான் "ஆ" என்றேன். வரிசை இரண்டடி பின்வாங்கியது.

வீக்கத்துக்கு விளக்கெண்ணெய் காய்ச்சிப் போடுவது அந்நாளில் வீட்டுக்கு வீடு நடக்கிற வைத்தியம். டாக்டர் என்ன நினைத்திருப்பார் என்பது இப்போது புரிகிறது. குமாஸ்தாவை முத்திரையைக் கீழே வைக்கச் சொன்னார்.

"யார்டா இதுக்கு எண்ணெய் போட்டது? எத்தனி நாளா கீது இது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் துணித் தடுப்பிலிருந்து அம்மா வந்துவிட்டாள். வேற்று ஆண்பிள்ளை முன்னால் தலை நிமிராதவள் அன்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். வந்த வேகத்தில் என் காலைப் பிடித்துத் தூக்கி, குதிகாலை டாக்டரின் மூக்குக்கு நேராகக் காட்டினாள். நான் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றேன்.

"முள்ளு ஏறிச்சு சாமி. அதுல நெறி கட்டிகினு கீது. நீங்களே பாருங்க. வியாழக்கிழம பொண்ணுக்குக் கல்யாணம், எங்கள நிறுத்திடாதீங்க."

டாக்டர் புண்ணை அழுத்தினார். சீழ் வந்தது. அவர் முகம் கொஞ்சம் இளகிற்று. அப்படியானால் உடம்பு பூரா எண்ணெய் எதற்கு என்று கேட்டார்.

இப்போது நான் முந்திக்கொண்டேன், சும்மா இருந்திருக்கலாம். "பளபளன்னு இருந்தா நம்பர் ஒண்ணு போடுவீங்கன்னு. என்னெ ரிஜெட்டு பண்ணாதீங்க. பசை காச்சிடாதீங்க" என்று கதறினேன்.

ஆம்பூர், வாணியம்பாடி ஆட்கள் வரிசையில் பாதிப் பேர் இருந்தார்கள். அவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒருவன், "இது கன்னுத்தோலு சாமி, தாராளமா எடுக்கலாம்" என்றான். பிளாட்பாரமே சிரித்தது. சேவகனும் சிரித்தான். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அப்போதுதான் அம்மா என்னை அறைந்தாள். சாதாரண அறை இல்லை. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் என் அப்பா, அவர் வேலை, அந்தச் சாயபு, ஊரிலுள்ள மொத்த ஆடு எல்லாவற்றையும் திட்டினாள். அவள் அவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வண்டி வேறு ஊதியது. டாக்டர் கையைத் தொட்டியில் முக்கி முக்கித் தேய்க்கிறார். விளக்கெண்ணெய் அவ்வளவு சுலபத்தில் விடுமா?

அடுத்து நின்றவர் மாமா. டாக்டர் தம் எண்ணெய்க் கையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். நீ யார் என்றார். இந்தத் தோலுக்குத் தாய்மாமன் என்றார் மாமா. மறுபடியும் சிரிப்பு. காய்ச்சல் கீய்ச்சல் உண்டா என்றதற்கு இல்லை என்றார். டாக்டர் தொடாமலே முழங்கையை ஆட்டிப் போகச் சொன்னார். எங்கள் இருவர் காகிதத்திலும் முத்திரை விழுந்தது.

வண்டியில் ஏறியதும் அம்மா என்னை மடியில் படுக்கவைத்து, அடித்த கன்னத்தைத் தடவினாள். சீருக்கென்று வைத்திருந்த கற்கண்டு முழுவதையும் என் கையில் கொட்டினாள். எனக்குத் தலை சுற்றியது. இவள் கோபமாக இருக்கிறாளா, சந்தோஷமாக இருக்கிறாளா? நிமிர்ந்து பார்த்தேன். இரண்டும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் இதைவிடப் பெரிய குழப்பம் காத்திருந்தது. அழைத்து வந்த அண்ணனை அம்மா வீட்டுக்குள் விடவில்லை. கல்யாணக் கூட்டம், இடமில்லை என்று சொல்லிக் கொல்லையில் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை போட்டு வைக்கிற கொட்டகையில் படுக்கை போட்டாள். சாப்பாட்டை வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். முகூர்த்தத்தின்போது மாமா மாலையை அக்காவின் கழுத்தில் போடவில்லை. தட்டில் வைத்து நகர்ந்துகொண்டார். அக்காவே எடுத்துப் போட்டுக்கொண்டாள். சபையில் முணுமுணுப்பு எழுந்தது. தாலி என்னவோ ஏறிவிட்டது.

பாஸ்போர்ட்டுக்காரர்கள் பத்து நாள் காலையில் கிராம முன்சீப்பிடம் முகம் காட்டவேண்டும். அவர் தெருவில் நிற்கவைத்தே எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தை அப்பாவிடம் காட்டி நான் எத்தனையாம் நம்பர் என்று கேட்டேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அழுத்திப் பார்த்து, "ரெண்டு" என்றார். எனக்கு வருத்தம்தான். ஆனால் நியாயமான தரம்.

அந்தப் பத்து நாளும் காலையில் ஒன்று நடந்தது. அம்மா எழுந்ததும் அடுப்பங்கரைக்குப் போகமாட்டாள். கொல்லைக் கதவைத் திறந்து, படியிலேயே நின்றுகொண்டு, கொட்டகையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்:

"ண்ணா, எழுந்துட்டியா?"

உள்ளே பட்டை சரசரக்கும். பிறகு, "எழுந்துட்டேம்மா" என்று மாமா குரல் வரும். அதற்கப்புறம்தான் அம்மா அசைவாள், அடுப்பு புகையும். எனக்கு இது வேடிக்கையான விளையாட்டாக இருந்தது. ஒருநாள் மாமாவுக்கு முந்திக்கொண்டு, பட்டைக் குவியலின் பின்னாலிருந்து மாமா குரலில் "எழுந்துட்டேம்மா" என்றேன். அம்மா உள்ளே போகத் திரும்பியவள், என் தலையைப் பார்த்துவிட்டாள். அடிப்பாள் என்று ஓடத் தயாரானேன். அவள் அடிக்கவில்லை. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

போன வருஷம் என் பெண்ணின் கல்யாணத்தில், தொண்டு கிழமாக வந்திருந்த மாமா விளக்கெண்ணெய்க் கதையைச் சபைக்குச் சொல்லி என் மானத்தை வாங்கினார். எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின் என் பக்கம் சாய்ந்து, அன்றைக்குத் தமக்கு உடம்பு நெருப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது என்றார். முறைக் காய்ச்சல்தான், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து தானே போயிற்று. ஆனால் அது முறைக் காய்ச்சல் என்று தெரிந்தது பத்து நாள் கழித்து.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"வண்டி ஏறும்போது என் கையப் புடிச்சாளே. அப்பவே தெரியும்."

பசைக் கொப்பரைக்குப் பயந்து நான் எண்ணெய் பூசிக்கொண்டு நின்றேன். என்ன காய்ச்சல் என்று தெரியாமல் அவள் அண்ணனை ஊருக்குள் கூட்டி வந்து, கல்யாணப் பந்தலில் நிறுத்தி, ஒவ்வொரு நாளும் விடிந்ததும் கொல்லைப் படியில் நின்று, ஆள் இருக்கிறாரா என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு காலையில் பதில் சொன்னது நான்.