இரண்டு மணியும் ஒரு தயக்கமும்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றும் அப்படித்தான். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் என் கண்முன்னால் நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

தொழிற்சாலையில் நான் டெலிபிரிண்டர் ஆபரேட்டர். எங்கள் குடோன் சென்னீர்குப்பத்தில், அங்கே இருந்தவர் யூசுப் பாய். நடுவே மொத்தமே இரண்டு கம்பிதான். இங்கே ஒரு எழுத்தைத் தட்டினால் அது துடிப்புத் துடிப்பாகப் பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியில் போய், அங்கே மறுபடி எழுத்தாகி அச்சாகும். எழுத்து எந்திரத்துடையது, ஆனால் ஒரு எழுத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே விழுகிற இடைவெளி மனிதனுடையது. சத்தத்தை வைத்தே யார் கை என்று சொல்லிவிடலாம். பாய் எதை அனுப்பினாலும் முதலில் இரண்டு தரம் மணி அடிப்பார், பிறகு ஒரே சீராகத் தட்டுவார்.

ஒரு ஐப்பசி மதியம், பெருமழையில் லைன் செத்துவிட்டது. லைன் போனால் எந்திரம் வெறும் வாயை மென்றுகொண்டு ஓடும் என்பதால், வெளிக்கம்பி இரண்டையும் கழற்றி ஜன்னலோரம் போட்டுவிட்டு, எந்திரத்தைத் தனி பேட்டரியில் கட்டி அடக்கிவைத்தேன். குடோனைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பாய் நனைந்தபடி சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

"கம்பில உசுரு கீதா பாக்கலாமா நைனா?" என்று ரப்பர் உறையைப் பிடித்து இரண்டு முனைகளையும் எடுத்தார். நாக்கில் வைத்துப் பார்ப்பது எங்கள் ஆட்கள் வழக்கம். பேட்டரி மின்சாரம் வந்தால் சுருக்கென்று புளிக்கும், அவ்வளவுதான்.

அவர் வாயருகே கொண்டுபோன நேரம், வெளிக்கம்பி எதோடும் சேராத என் எந்திரத்தில் மணி இரண்டு தரம் அடித்தது. பிறகு தானாகத் தட்ட ஆரம்பித்தது. நாங்கள் எப்போதும் எழுதுகிற மாதிரி ஆங்கில எழுத்தில் தமிழ்: 'நாக்குல வைக்காத யூசுப்.'

பாயின் கை அப்படியே நின்றது. "மணி என்துதாம்பா. ஆனா கை என்து இல்ல," என்றார். எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஆங்கில 'ஏ' வரும்போதெல்லாம் ஒரு தயக்கம். முனைகளில் டெஸ்ட் பல்பை வைத்தோம், பளீரென்று எரிந்து வெடித்தது. வழியில் எங்கேயோ கரண்டு கம்பி அறுந்து எங்கள் கம்பிமேல் விழுந்து கிடந்திருக்கிறது. பாய் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இதையாவது ஏதோ கோளாறு என்று தள்ளிவிடலாம். அடுத்த வருஷம் குடோன் ஷட்டரில் பாயின் இடது சுண்டுவிரல் நசுங்கியது. 'ஏ' எழுத்தைத் தட்டுகிற விரல் அதுதான். ஆறி வந்து அவர் முதல் செய்தி அனுப்பியபோது மணி இரண்டு, அப்புறம் 'ஏ' வரும்போதெல்லாம் அந்த மழைநாளில் கேட்ட அதே தயக்கம். நேரில் பார்த்தபோது சொன்னேன். விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். "அப்ப அந்தச் சேதிய நான் இன்னும் அனுப்பலயே நைனா," என்றார்.

குடோனை ஒரேயடியாக மூடிய நாளில் லைன் நன்றாகத்தான் இருந்தது. கடைசிச் சரக்கு விவரம் எல்லாம் ஒழுங்காக வந்தது. அதற்குமேல் என் எந்திரம் அசையவில்லை. சாயங்காலம் பாய் நேராக என்னிடம் வந்தார்.

"சரக்கு வெவரம் முடிச்சிட்டு அந்த நாக்கு சேதிய அடிச்சேன்பா. வந்துச்சா?"

"அன்னிக்கே வந்துடுச்சி பாய்," என்றேன்.