பிழைக்கு நேரே ஒரு பெயர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, நீதிமன்ற வராந்தாவில் என் வழக்கு அழைக்கப்படுவதற்காகக் காத்திருந்தபோது நிர்மலாவின் கணவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், நிர்மலா போயிட்டா. காபி போட எந்திரிச்சா, அவ்ளோ தான்," என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில் இல்லை. நினைவில் இல்லாததை இங்கே எழுத மாட்டேன்.

சிவாஜிநகரில் உள்ள நம் அலுவலகத்துக்கு வந்துபோன வழக்கறிஞர்கள் அனைவரும் நிர்மலாவை அறிவீர்கள். ஈஜிபுராவிலிருந்து பேருந்தில் வந்து பத்தொன்பது ஆண்டுகள் நம்மோடு பணிபுரிந்தார். பதவியின் பெயர் தட்டச்சர். அவர் செய்த வேலை அந்தச் சொல்லுக்குள் அடங்காது.

நம் கணினிகள் பழையவை, புதிய மென்பொருளைத் தாங்காது, எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று விற்பனையாளர் சொன்ன மறுநாள், நிர்மலா ஒரு பென் டிரைவோடு வந்தார். நான்கு கணினிகளிலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் அதில் இயங்கும் அலுவலக மென்பொருளும் ஏறின. பழைய கோப்புகள் எல்லாம் அதில் திறக்கும் என்று எழுதித் தர முடியுமா என்று நான் கேட்டேன். "தரேன் சார். ஆனா அதையும் இதுல தான் டைப் பண்ணுவேன், பரவாயில்லயா?" என்றார்.

கோப்புகள் திறந்தன. ஆனால் எழுத்துரு மாறியதால் பதினான்கு பக்க மனு பதினைந்து பக்கமாயிற்று. பொருளடக்கத்தின் பக்க எண்கள் எல்லாம் பொய்யாயின. என் கூட்டாளி கோபிநாத் பொறுமை இழந்தார்.

"என்னம்மா இது, ஆம்லெட் கேட்டா உப்புமா வைக்கிற மாதிரி இருக்கு?"

"உப்புமாவும் சாப்பாடு தான் சார். பசி போகுதா, அத பாருங்க."

அந்த வாரத்துக்குள் பழையவற்றின் அதே அகலமுள்ள எழுத்துருக்களைத் தேடி நிறுவினார். பொருளடக்கம் தானே பக்க எண்களை எடுத்துக்கொள்ளும்படி செய்தார். அதன்பின் கோபிநாத் உப்புமாவைப் பற்றிப் பேசவில்லை.

ஆயினும் நிர்மலாவைப் பற்றி நான் பெருமையோடு சொல்ல விரும்புவது அவர் செய்த ஒரு பிழையைத்தான்.

பொம்மனஹள்ளியில் சாலை விரிவாக்கத்தால் வீடிழக்கவிருந்த நாற்பத்தொரு குடும்பங்களுக்காக நாம் ஆஜரானோம். ஒரு குறிப்பிட்ட நாளுக்கு முன்பே அங்கே குடியேறியவர்களுக்கு மட்டுமே மாற்று வீடு என்பது பொது விதி. அவர்கள் குடியேறிய நாள்களின் பட்டியலைக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வேறொரு வகைக் கணினியில் வைத்திருந்தார். நிர்மலா அதிலிருந்த தேதிகளை நம் கணினியின் விரிதாளில் நகலெடுத்தார். பட்டியல் தாக்கலானது.

சில நாள் கழித்து, அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த, ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் கஸ்தூரி என்பவர் கையெழுத்திட வந்தார். அவருடைய விவரங்களை நிர்மலா படித்துக் காட்டினார். ஆகஸ்ட் பதினான்கு என்றதும், ஆண்டைப் படிப்பதற்குள் கஸ்தூரி குறுக்கிட்டார்.

"பதினாலு இல்ல மேடம், பதினஞ்சு. நாங்க சாமான் எறக்குறப்ப எதிர் ஸ்கூல்ல கொடி ஏத்திட்டு இருந்தாங்க. எங்க வீட்டுக்காரரு சாமான நடு ரோட்டுல வச்சிட்டு மிட்டாய் வாங்கப் போயிட்டாரு."

ஒரு நாள் வித்தியாசம். நானாக இருந்தால் பதினான்கைப் பதினைந்தாகத் திருத்தியிருப்பேன். நிர்மலா அப்படிச் செய்யாமல், செயலாளரின் மூலக்கோப்பை வாங்கி வரிவரியாக ஒப்பிட்டார். நம் பட்டியலில் ஒவ்வொரு தேதியும் சரியாக நான்கு ஆண்டும் ஒரு நாளும் முந்தியிருந்தது.

"கம்ப்யூட்டருக்குத் தேதின்னு ஒண்ணு கெடையாது சார். ஒரு நாள்ல இருந்து எண்ணிட்டு வர்ற நம்பர் தான். அவரு பைல் எண்ண ஆரம்பிக்கிற நாள் வேற, நம்மளுது வேற. நான் நம்பர மட்டும் தூக்கிட்டு வந்துட்டேன்," என்றார்.

பிழை நம் கட்சிக்காரர்களுக்குச் சாதகமானது. எதிர்த்தரப்பு அதைக் கவனிக்கவில்லை. திருத்தினால் முப்பத்தெட்டுக் குடும்பங்களுக்குப் பாதிப்பில்லை. மூன்று குடும்பங்கள் தகுதி இழக்கும். அதில் கஸ்தூரியின் குடும்பம் ஒன்று. திருத்த வேண்டும் என்பதில் சட்டப்படி எனக்கு ஐயமில்லை. அந்த மூன்று குடும்பங்களிடம் யார் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நிர்மலா பொம்மனஹள்ளிக்குப் போய்விட்டார்.

"கம்ப்யூட்டரே என் பக்கம் பேசுது. நீங்க ஏன் மேடம் குறுக்க வர்றீங்க?" என்று கஸ்தூரி கேட்டாராம்.

"நாளைக்கு யாராச்சும் ஒரே ஒரு தேதிய பொய்யின்னு காட்டினா, உன்னோட சேந்து மீதி நாப்பது வீடும் பொய்யாயிடும்மா," என்று நிர்மலா சொல்லியிருக்கிறார்.

திருத்தப் பிரமாணப் பத்திரத்தை நான் வரைந்தேன். 'கவனக்குறைவால் எழுத்துப் பிழை நேர்ந்துவிட்டது' என்பது நம் தொழிலில் எல்லோரும் எழுதும் வாக்கியம். நிர்மலா அதைத் தட்டச்சு செய்யாமல் என் மேசைக்குக் கொண்டுவந்தார்.

"கவனக்குறைவு யாருதுன்னு இதுல இல்லயே சார்?"

"அப்படித்தான் எழுதுவது வழக்கம்."

"பேர் இல்லன்னா அந்த ஜனங்களே மாத்திட்டாங்கன்னு தான சொல்லுவாங்க? என் பேர போடுங்க."

பிழைகளிலிருந்து பெயர்களை அகற்றும்படி பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். சேர்க்கும்படி கேட்டவர் அவர் ஒருவரே.

விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "தப்பு எல்லாத்தையும் கம்ப்யூட்டர் தலையில கட்டிடலாம் போல," என்று சிரித்தார். நிர்மலா மடிக்கணினியை விசாரணை அதிகாரியின் முன் வைத்து, இரண்டு கோப்புகளில் ஒரே எண்ணை அடித்தார். இரண்டு வெவ்வேறு தேதிகள் தோன்றின. அதிகாரி வேறோர் எண்ணைத் தாமே அடித்துப் பார்த்தார். மீண்டும் அதே நான்கு ஆண்டு, ஒரு நாள்.

"யாரு மாடித்து இது?" என்று கன்னடத்தில், இதைச் செய்தது யார் எனக் கேட்டார்.

"நானே சார்," என்றார் நிர்மலா. 'நானே' என்ற சொல் தமிழிலும் கன்னடத்திலும் ஒன்றே. முப்பத்தெட்டுக் குடும்பங்களின் தேதிகளும் மறுகேள்வியின்றி ஏற்கப்பட்டன.

விடுபட்ட மூவருக்காக நிர்மலா விதிகளைப் படித்தார். குறிப்பிட்ட நாளுக்குப் பின் வந்தவர்களுக்கென்று இரண்டாம் பட்டியல் ஒன்று இருந்தது; நகரத்தின் விளிம்பில், குறைவான வீடுகள். மூன்று விண்ணப்பங்களையும் அவரே தயாரித்தார். ஒவ்வொரு தேதியையும் எண்ணாக அல்லாமல் எழுத்தில் அடித்தார். மூவருக்கும் வீடு கிடைத்தது. கஸ்தூரி இப்போது தொழிற்சாலைக்கு இரண்டு பேருந்து மாறி வருகிறார்.

நிர்மலாவின் இறுதிச் சடங்கில் கஸ்தூரியைக் கண்டேன். "லிஸ்ட்ல இருந்து என்ன எடுத்தது இவங்க தான் சார். வீடு வாங்கித் தந்ததும் இவங்க தான். ரெண்டையும் என் மூஞ்சிக்கு நேரா உக்காந்து சொன்னாங்க," என்றார்.

நேற்று ஒரு மனுவில் நான் தவறான சட்ட உட்பிரிவைக் குறிப்பிட்டிருந்ததைக் கண்டேன். திருத்தத்தை வரைந்தபோது 'பிழை நேர்ந்துவிட்டது' என்று என் கை பழக்கப்படி எழுதிற்று. அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். நிர்மலாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது.