பேட்டரி இறங்கிய காலை

நான் நான்காம் வகுப்புப் படித்தபோது அப்பாவின் கால் முறிந்தது. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டியவர் அவர். எத்தனையோ குண்டும் குழியுமான பாதைகளில் வண்டியை அலுங்காமல் கொண்டுபோனவர், ஒரு மழைநாளில் எங்கள் வீட்டு வாசற்படியிலேயே வழுக்கி விழுந்தார். மாவுக்கட்டுப் போட்டு, மூன்று மாதம் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பாவுக்குக் காலைவிடப் பேட்டரியைப் பற்றித்தான் கவலை. சும்மா நிற்கிற வண்டியில் முதலில் சாவது அதுதான் என்பார். கட்டிலில் படுத்தபடியே அம்மாவுக்குப் பாடம் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வந்ததும் அம்மா கொட்டகைக்குப் போய் வண்டியைக் கிளப்பி, அரை மணி நேரம் ஓடவிடுவாள். பிறகு பேட்டரி ஒயரைக் கழற்றி, முனையில் பூத்திருக்கும் பச்சைத் தூளை வெந்நீர்த் துணியால் துடைத்து, அடுத்த ஞாயிறுவரை மாட்டாமலே விட்டுவிடுவாள். என்ஜின் சத்தம் கேட்கிறவரை அப்பாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

கட்டைப் பிரித்தபோது எலும்பு சரியாகக் கூடவில்லை என்றார்கள். மறுபடியும் கட்டு. அன்று அப்பா, "வண்டிய வித்துருவோம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நத்தத்தில் மாந்தோப்பு வைத்திருந்த ஒருவர் திங்கட்கிழமை வண்டியைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். "காலையில அவுக வந்ததும் கெளப்பிக் காட்டணும். இன்னைக்கு ஒயரைக் கழட்டாத" என்று முந்தின நாள் ஞாயிறன்று அம்மாவிடம் சொன்னார் அப்பா.

ஞாயிறு சாயங்காலம் நான் கடைசியாக ஒருமுறை கார் ஓட்டினேன். அதாவது, கொட்டகையில் நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கன்னிவாடி வரைக்கும் போனேன். மலையடிவாரம், சீக்கிரம் இருட்டிவிடுமே என்று விளக்கையும் போட்டேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும் எல்லாவற்றையும் மறந்து இறங்கி ஓடிவிட்டேன்.

காலையில் நத்தத்துக்காரர் தம் டிரைவரோடு வந்தார். டிரைவர் சாவியைத் திருப்பினார். ஒரு முனகல், அவ்வளவுதான். வண்டியின் முன்பக்கம் கைப்பிடியைச் செருகி வியர்க்க வியர்க்கச் சுற்றியும் பார்த்தார். "பேட்டரி சுத்தமா எறங்கிருச்சுங்க" என்றார். நேற்று போட்ட விளக்கு அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"இம்புட்டு நாளாச் சும்மா கெடந்த வண்டி. உள்ள என்னென்ன போயிருக்கோ" என்று சொல்லிவிட்டு நத்தத்துக்காரர் கிளம்பினார்.

அடுப்படியில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லி அழுதேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்டி. தூங்கப் போகைலயே பாத்தேன், லைட்டு எரிஞ்சுச்சு. அப்பாகிட்ட நீ ஒண்ணும் சொல்லாத."

கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள். "ஏங்க, நாந்தான் லைட்ட அணைக்காம விட்டுட்டேன்." அப்பா அவளையே வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நான் கதவிடுக்கில் ஒளிந்துகொண்டிருந்தேன். "பேட்டரியக் கழட்டிச் சார்ஜுக்குக் குடுத்து விடு" என்றார். பிறகு, வெகுநாளைக்கப்புறம், பசிக்கிறது என்றார்.

அந்தக் கார் இன்னும் ஒன்பது வருடம் ஓடியது, அப்பா கொஞ்சம் நொண்டியபடி ஏறி இறங்க.

அன்று எனக்கு அடி தப்பியதே பெரிதாக இருந்தது. விளக்கு எரிவதைப் பார்த்தவள் ஏன் அணைக்கவில்லை என்று கேட்கத் தோன்றவே இல்லை.